சின்னக் கடைக்கு ஒரு சர்வர்

சர்வர் என்றதும் நம்மில் பலருக்கு ஓட்டலில் மேஜையருகே வந்து, "என்ன வேண்டும், ஸார்?" என்று கேட்கிறவர்தான் நினைவுக்கு வருவார். கம்ப்யூட்டர்க்காரர்களின் சர்வரும் ஏறக்குறைய அந்த உத்தியோகம் பார்ப்பதுதான். காரியாலயத்தில் பத்துப் பேர் பத்து இயந்திரங்களின் முன் அமர்ந்து கடிதமும் கணக்கும் கேட்டால், கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும். உரிமையில்லாதவர் கேட்டால் "கிடையாது" என்று சொல்லிவிடும்.

அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் தபாலுக்கு ஓர் இயந்திரம், கணக்குக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டன. நாலு குமாஸ்தாக்களை வைத்திருக்கும் வக்கீலும் பல் வைத்தியரும் அதற்கு எங்கே போவார்கள்? அவர்களுக்காகவே மைக்ரோஸாப்ட் கம்பெனி 1997-ம் ஆண்டு அக்டோபரில் ஸ்மால் பிஸினஸ் சர்வர் என்ற ஒன்றை வெளியிட்டது. விண்டோஸ் என்.டி. என்ற அடித்தளம், தபாலுக்கு எக்ஸ்சேஞ்ச், கணக்குக்கு எஸ்.க்யூ.எல். சர்வர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாக்ஸ், இவ்வளவும் ஒரே பெட்டிக்குள்! இப்படி எல்லாவற்றையும் ஒன்றாகக் குவிக்காதீர்கள் என்று பெரிய கம்பெனிகளுக்கு உபதேசித்த அதே கம்பெனிதான், சிறியவர்களுக்கு இதைக் குவித்துக் கொடுத்தது. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

இதன் சூட்சுமம் பழைய பண்ணை வீட்டுக் கணக்குப்பிள்ளையின் கொத்துச் சாவியில் இருக்கிறது. காலையில் ஒரு முறை பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்துவிட்டால் போதும். இவர் யார், எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று சர்வர் குறித்துக்கொள்ளும். பிறகு அவர் எந்தப் பொது அறையைத் திறக்க முயன்றாலும், அந்த அறையின் கதவில் தொங்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சம்பளக் கணக்கு முதலாளிக்கும் கணக்கருக்கும் மட்டும். அச்சு இயந்திரம் எல்லோருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறைக்கு வழி சொல்வதும் சர்வரேதான். மேஜை இயந்திரத்தை இணையக் கம்பெனியின் வழிகாட்டியிடம் கேட்கும்படி அமைத்துவிட்டால், சொந்த வீட்டுப் பூஜையறை எங்கே என்று தெருக்கோடியில் விசாரித்த கதையாகிவிடும். உள்ளே நுழையவே நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் 25 பேர், 1999-ல் 50 பேர், 2003-ல் 75 பேர் என்று பந்தி நீண்டது. 2003-ம் வருஷத்துப் பதிப்பு ஐந்து பேருக்கான உரிமையோடு 599 டாலர். வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக ஆபீஸ் மேஜையைத் திறக்கும் வசதியும் அதில்தான் வந்தது. ஆனால் நிபந்தனைகள் மாமியார் வீட்டு நிபந்தனைகள். ஒரு குடும்பத்துக்கு இப்படிப்பட்ட சர்வர் ஒன்றுதான் இருக்கலாம். அதுவே தலைமை ஸ்தானம் வகிக்க வேண்டும். வேறு குடும்பத்தோடு உறவு கொண்டாடக் கூடாது. மீறினால் சர்வர் தானாகவே அணைந்துவிடும்.

2012 ஜூலையில் மைக்ரோஸாப்ட் இந்த வம்சத்துக்கு இனி வாரிசு இல்லை என்று அறிவித்தது. பதிலுக்கு வந்த எஸென்ஷியல்ஸ் 25 பேருக்கானது; அதில் தபால் பகுதி இல்லை. கடிதங்களை மாத வாடகைக்கு எங்கோ இருக்கும் கம்பெனியின் கிடங்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒற்றைப் பெட்டி படுத்துவிட்டால் தபால், கணக்கு, அச்சு எல்லாமே சேர்ந்து படுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தன் கடிதங்கள் தன் அலமாரியில், தன் பூட்டுக்குள் இருக்கின்றன என்ற தெம்பு சின்ன வியாபாரிக்கு இருந்ததே, அதற்கு என்ன வாடகை போடுவது? பலர் அசைந்து கொடுக்கவில்லை. கடைசிப் பதிப்பான 2011-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதன் பிறகும் அதை நம்பி இருந்தவர்கள் பழுது பார்க்க ஆளில்லாத பூட்டோடுதான் காலம் தள்ளினார்கள்.