துணைக்கு வந்த உப்பு

ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் யுத்தத்தில் ஜப்பானியரிடம் அகப்பட்டு, சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றரை வருஷம் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியபின் மெல்போர்னை அடுத்த பண்டூரா மனநோய் ஆஸ்பத்திரியில், சமையல் சாமான் வைத்திருந்த ஒரு காலி அறையில் கினிப் பன்றிகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். லித்தியம் உப்பை ஊசியில் ஏற்றியதும், தொட்டால் மிரளும் அந்தப் பிராணிகள் சாந்தமாகப் படுத்துவிட்டன. விஷம் ஏறித்தான் படுத்திருக்கும் என்று பின்னால் சொன்னவர்களும் உண்டு.

அவர் முதலில் தாமே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு 1948 மார்ச்சில், ஐந்து வருஷமாக வெறி அடங்காதிருந்த 51 வயது மனிதர் ஒருவருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார்.

வெறிக்கு நேர் எதிரான வியாதியான மனச்சோர்வுக்கு அந்த உப்பு உதவவில்லை. மூன்று பேருக்குக் கொடுத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கேட்டின் கட்டுரை வெளிவந்த 1949-லேயே அமெரிக்காவில் லித்தியத்துக்குக் கெட்ட பெயர். உப்பு ஆகாது என்று விலக்கப்பட்ட இருதய நோயாளிகள், அதற்குப் பதிலாக இதைச் சோற்றில் தூவிக்கொண்டார்கள். சாதா உப்பு குறைந்த உடம்பில் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளும். சிலர் இறந்துபோனார்கள். ஒரு சிட்டிகை உப்பு என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே பயம் உண்டு.

கேட்டின் முதல் நோயாளியும் தப்பவில்லை. குணமாகிவிட்டதென்று மருந்தை நிறுத்தினார், வெறி திரும்பியது, மறுபடி கொடுத்தார்கள். 1950-ல் அந்த உப்பின் விஷத்தாலேயே இறந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பியதும் அதுதான், கொண்டுபோனதும் அதுதான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் பிற்பாடுதான் நிலைத்தது.

மனச்சோர்வின் கதை 1981-ல் மாறியது. மான்ட்ரியாலில் க்ளோத் டி மான்டின்யி என்ற டாக்டரும் கூட்டாளிகளும், மூன்று வாரமாவது மாத்திரை தின்றும் தேறாத 8 பேருக்கு, அந்த மாத்திரையை நிறுத்தாமல் லித்தியத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் மனம் தெளிந்தது. மாத்திரை மூளையில் செரட்டோனினுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்க, லித்தியம் அதைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்பது அவர்கள் ஊகம். எல்லாருக்கும் இத்தனை சீக்கிரம் பலிப்பதில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் தனியாக நின்று தோற்ற உப்பு, துணையாக வந்து ஜெயித்ததே! கேட் அதைப் பார்க்கவில்லை, 1980-லேயே காலமாகிவிட்டார்.

இன்றும், வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ரத்தத்தைச் சோதித்து, சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணித்துக்கொண்டேதான் கொடுக்கிறார்கள்.