தீயை விட்டு இறங்கிய வாசனை

மணப்பாட்டு மணல்மேட்டில் ஒரு சிலுவை நடப்பட்ட கதை கப்பல் விபத்தில் தொடங்குகிறது. 1540 வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவர், உயிரோடு கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி நடுவேன் என்று நேர்ந்துகொண்டார், அப்படியே செய்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1542இல் தமிழகக் கடற்கரைக்கு வந்த சவேரியார் அந்த மேட்டின் குகையில் தங்கினார். 1581இல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. செப்டம்பர் 14ஆம் தேதித் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டம் இன்றும் மெழுகுதிரி ஏற்றுகிறது.

ஆலயத்து மெழுகுதிரிக்கு எந்த ஆபத்தும் இல்லை. இடத்தைக் காலி செய்துகொண்டிருப்பது வீட்டுக்குள் வந்த அதன் தம்பி, கண்ணாடிக் குவளையில் எரியும் வாசனை மெழுகுதிரி. புகையில்லை, கரியில்லை, உடம்புக்கு நல்லது என்ற பேச்சோடு டிஃப்யூசர் அது இருந்த மேசையில் ஏறிவிட்டது. கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு வாசனைத் தைலம், ஒரு மின்பொத்தான். நேற்றுக் கண்டுபிடித்த பொருள்போல் தோன்றும் இதன் பூர்வீகத்தைத் தேடினால், பாதி வழி நம் கடற்கரை ஓரமாகவே போகிறது.

கொற்கை முத்து கப்பலேறிய காலத்திலேயே பாண்டியர் அரண்மனையில் வாசனைக்கு ஒரு கருவி, வெளிச்சத்துக்கு வேறொரு கருவி. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அகில்கட்டை புகைகிறது. யவனர் செய்த பாவை விளக்கு தனியே நெய்யில் எரிகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அகிலுக்குப் பின் சுமத்ராக் காட்டு மரத்துப் பிசினான சாம்பிராணி கடல் கடந்து வந்தபோதும் அது தூபக்காலில்தான் உட்கார்ந்தது, விளக்கில் ஏறவில்லை. தமிழ் வீடுகள் வெகுகாலம் கடைப்பிடித்த இந்தப் பிரிவினை மிகச் சரியானது என்றே நினைக்கிறேன்.

அதைக் கலைத்தது ஐரோப்பிய மெழுகுதிரி. அங்கே தேன்மெழுகு தேவாலயத்துக்கும் பணக்காரருக்கும் மட்டுமே கட்டுப்படியானது. மற்ற வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். வெளிச்சத்தோடு நாற்றமும் சேர்ந்தே வரும். அந்த நாற்றத்திலிருந்து விடுபட நடந்த ஓட்டத்தில் மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையும் பங்கேற்றது. 1830இல் லண்டனில் தொடங்கிய பிரைஸ் மெழுகுதிரி நிறுவனம் தேங்காயெண்ணெயிலிருந்து கெட்டிக் கொழுப்பைப் பிரித்துத் திரி வார்க்க முனைந்தது. அதற்காக இலங்கைத் தென்னந்தோப்புகளில் பணம் போட்டது. 1840இல் விக்டோரியா ராணியின் திருமணத்துக்காகவே மலிவு விலை மெழுகுதிரியை அறிமுகப்படுத்தி லண்டனைக் கவர்ந்தது. அடுத்து 1850களில் பர்மாக் கச்சா எண்ணெய் கப்பலில் போய் அதே நிறுவனத்தின் ஆலையில் வெள்ளை மெழுகாகியது. பாரஃபின் மெழுகு மலிந்தது, நாற்றம் ஒழிந்தது. ஒழிந்த கையோடு மின்விளக்கு வந்து மெழுகுதிரியின் வேலையையே பறித்துக்கொண்டது.

வேலை போன மெழுகுதிரி வாசனைத் தொழிலுக்கு மாறியது. 1969இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் மைக் கிட்ரெட்ஜ் என்ற 16 வயதுப் பையன், கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குப் பரிசு வாங்கக் காசில்லாமல் கிரேயான்களை உருக்கி ஒரு திரி வார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் அதை விலைக்குக் கேட்டார். யாங்கி கேண்டில் என்ற பெரும் வணிகம் அங்கிருந்து வளர்ந்தது. பார்த்து வார்த்தவர்களுக்குக் கணக்கில்லை. வாசனையும் சுடரும் ஒரே குவளைக்குள் குடியேறின. அமெரிக்க வரவேற்பறையை மணக்க வைத்த வேலையில் தூத்துக்குடிக்கும் பங்குண்டு: உலர்ந்த பூ, காய், விதையுறைகளுக்கு நிறமும் மணமும் ஏற்றி அனுப்பும் ஏற்றுமதித் தொழில் இங்கே வேரூன்றியது.

இனி தைலத்தின் வழி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி வாசனைப் பொருள்களை வடித்தெடுக்கும் முறைகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அந்த அரபு உலகத்தின் குதிரைக் கப்பல்கள் காயலில் வந்து நின்றதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். காயல், மணப்பாட்டுக்கு வடக்கே அதே கரையில்தான். நம் கல்யாண வாசலில் நிற்கும் பன்னீர்ச் செம்பை நினைத்துப் பாருங்கள்: வடித்த பூமணம், தண்ணீரில், நெருப்பே இல்லாமல் துளித்துளியாக விருந்தினர்மேல் விழுகிறது. டிஃப்யூசரின் நேர்மூதாதை மெழுகுதிரி அல்ல, அந்தச் செம்புதான்.

நீலகிரியில் 1843இல் ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் ஊன்றப்பட்டது. விறகுக்கென்று வந்த மரம் ஊட்டித் தைலமாகி நம் வீட்டு அலமாரிக்குள் நுழைந்தது. உதிர்ந்த இலையைச் செம்புக் கலத்தில் திணித்து, அடியில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். இலைகளுக்குள் புகுந்து வரும் ஆவி குளிர்ந்த நீருக்குள் கிடக்கும் குழாய் வழியே இறங்கி, கீழே பாத்திரத்தில் சொட்டும். மேலே மிதப்பது தைலம். சளிக்குக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு நமக்கு யாரும் பெயர் வைத்துத் தரவில்லை. பிரான்ஸில் பெயர் வைத்தார்கள். 1910இல் ஆய்வுக்கூட வெடிப்பில் கை வெந்த வாசனை வேதியியலர் கட்ஃபோசே, லாவெண்டர் தைலம் புண்ணுக்கு உதவியதைக் கண்டு அதையே தொடர்ந்து ஆராய்ந்தார். 1937இல் அரோமாதெரபி என்ற சொல்லையே தலைப்பாக்கிப் புத்தகம் போட்டார்.

தைலம் தயார், அதைக் காற்றில் ஏற்றும் கருவி போரிலிருந்து வந்தது. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட பிரெஞ்சு இயற்பியலர் பால் லாஞ்சவன் அந்த அதிர்வைக் கடலுக்குள் செலுத்தினார். ஒலிக்கற்றையின் பாதையில் வந்த மீன்கள் செத்து மிதந்தன. தூலோன் துறைமுகத்தில் அதைப் பார்த்த அமெரிக்க இயற்பியலர் ஆர்.டபிள்யூ. வுட் மறக்கவில்லை. வால் ஸ்ட்ரீட் செல்வந்தர் ஆல்ஃபிரட் லூமிஸின் ஆய்வுக்கூடத்தில் இருவரும் சோதித்து 1927இல் வெளியிட்டார்கள்: அதிரும் படிகத்துக்கு மேலிருந்த எண்ணெய் மேடாக எழும்பித் துளிகளாகச் சிதறியது. அதே உத்தி பின்னர் ஆஸ்பத்திரியில் நெபுலைசராகவும், அறைக் காற்றை ஈரமாக்கும் கருவியாகவும், கடைசியில் டிஃப்யூசராகவும் மாறியது. படகில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் வீட்டு மேசையில் பனி கக்கும் டிஃப்யூசரும் ஒரே குடும்பம். டிஃப்யூசரின் அடியில் தெரியும் சின்ன வட்டத் தகடு நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முறை அதிர்கிறது.

உடம்புக்கு நல்லதா? கரி இல்லை, தீ விபத்து பயம் இல்லை. அந்த அளவில் மெழுகுதிரியை விட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரிக்குள் ஈயக் கம்பி வைப்பதை அமெரிக்கா 2003இல்தான் தடைசெய்தது என்றால், சுடருக்குள் என்னவெல்லாம் எரிந்திருக்கும்! ஆனால் தைலமும் வெறும் காற்றல்ல. எலுமிச்சை வகைத் தைலங்களிலுள்ள லிமோனின், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு எந்த வாசனையும் இழுப்பைக் கிளப்பலாம். கைக்குழந்தை இருக்கும் அறையில் யூக்கலிப்டஸும் கற்பூரமும் கூடவே கூடாது. பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ தைலம் ஆகாது.

தண்ணீரும் கவனிக்க வேண்டியது. 2021இல் இந்தியாவில் தயாராகி அமெரிக்காவில் விற்ற லாவெண்டர் அறைத் தெளிப்பான் ஒன்றில் மெலியோய்டோசிஸ் நோய்க்கிருமி இருந்தது. 4 பேர் நோயுற்றார்கள், 2 பேர் இறந்தார்கள். அது டிஃப்யூசர் அல்ல, ஆனால் தண்ணீரோடு கிருமி காற்றில் ஏறும் வழி ஒன்றேதான். அதனால் நேற்றைய தண்ணீரை டிஃப்யூசரில் விட்டுவைக்காதீர்கள். தூத்துக்குடிக் கரையோரத்து உப்பு நீரை ஊற்றினால் தகட்டில் வெள்ளையாகப் படிவதோடு அந்தத் தூளும் மூச்சில் ஏறும், காய்ச்சி வடித்த நீரே நல்லது. மூன்று நான்கு சொட்டு, அரைமணி நேரம், ஜன்னல் திறந்தபடி. முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டி, துணியால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள்.