சாஃப்ட்பால் தள நடுவர்: நிற்கும் இடத்தின் வரலாறு

சாஃப்ட்பால் ஆட்டத்தில் கேட்சருக்குப் பின்னால் முகக்கவசம் அணிந்து நிற்பவர் தலைமை நடுவர். முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஓடுபவர் அவுட்டா, சேஃபா என்று தீர்ப்புச் சொல்பவர் தள நடுவர். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலும் இந்த இருவர்தான் இருப்பார்கள். மூன்று தளங்களையும் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருப்பதால், தள நடுவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய தீர்ப்பு சரியாகவோ தவறாகவோ அமைகிறது.

ஒரு நடுவரிலிருந்து இருவர்

சாஃப்ட்பால் 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஃபாரகட் படகுக் கழகத்தின் கூடத்துக்குள் பிறந்தது. ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையை மட்டையாக்கி ஆடவைத்தார். 1926-இல் டென்வர் நகர ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹாக்கன்சன் ‘சாஃப்ட்பால்’ என்ற பெயரை முன்வைத்தார். 1933-இல் அமெரிக்கச் சங்கம் தோன்றியது. விதிகளில் பெரும்பாலானவை தாய் ஆட்டமான பேஸ்பாலிலிருந்து வந்தவை. நடுவர் முறையும் அங்கிருந்தே வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேஸ்பாலில் வழக்கமாக ஒரே நடுவர்தான். பந்து தூரத்துக்குப் போனால் அவர் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தளங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றாம் தளத்தை மிதிக்காமலே குறுக்கே ஓடி வந்தவர்கள் உண்டு. 1890-களில் பால்டிமோர் அணியின் ஜான் மெக்ரா, மூன்றாம் தளத்தில் நின்ற எதிரணிக்காரரின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்வார் என்று அந்தக் கால ஆட்டத்தைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன. இரண்டாவது நடுவர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1910-களில் அமெரிக்கப் பெரிய லீக்குகளில் இரண்டு நடுவர்கள் வழக்கமானார்கள். 1952 முதல் நால்வர்.

இந்தியாவுக்கு அமெரிக்க ஆட்டங்கள் பலவும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே வந்தன. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கியது. இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961-இல் அமைந்தது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் இந்த ஆட்டம் இடம்பெறுகிறது.

ஏன் வெளியே நிற்கிறார்?

பேஸ்பாலில் இரு தளங்களுக்கு இடையே 90 அடி. சாஃப்ட்பாலில் 60 அடி மட்டுமே. பேஸ்பாலில் தளத்தில் ஆள் இருந்தால் தள நடுவர் வைரக் கட்டத்துக்கு உள்ளே வந்து நிற்பார். சாஃப்ட்பாலில் அவ்வாறு நின்றால் பந்துக்கும் தடுப்பாளருக்கும் இடையில் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. சாஃப்ட்பாலில் பந்து எறிபவரின் கையை விட்டுப் போகும் வரை ஓடுபவர் தளத்தைவிட்டுக் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பந்து செல்லாது, ஓடுபவர் அவுட். எறிபவரின் கையும் ஓடுபவரின் காலும் ஒரே பார்வையில் விழ வேண்டும். அதற்கு வைரக் கட்டத்துக்கு வெளியே, தடுப்பாளர்களின் பின்பக்கம்தான் சரியான இடம். பந்து வெளிக்களத்துக்குப் பறந்துவிட்டால் நடுவர் உள்ளே ஓடி வந்து திரும்பிக்கொள்வார். பந்து உள்ளே இருந்தால் அவர் வெளியே, பந்து வெளியே போனால் அவர் உள்ளே என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள்.

முதல் தளம்

தளங்களில் யாரும் இல்லாதபோது தள நடுவர் முதல் தளத்தைத் தாண்டி 18 முதல் 21 அடி தொலைவில், ஃபவுல் கோட்டுக்கு வெளியே நிற்பார். பந்து உள்களத்தில் உருண்டால், அது எறியப்படும் பாதைக்குச் செங்கோணமாக வரும்படி நகர்ந்து, தளத்திலிருந்து ஏறக்குறைய அதே தொலைவில் நின்றுவிடுவார். ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொல்வதில்லை. கண் தளத்தின் மேல் இருக்கும். ஓடுபவரின் கால் படுவதையும் தடுப்பாளரின் கால் பட்டிருப்பதையும் கண் பார்க்கும். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காது கேட்கும்.

கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில், மணல் நிரப்பிய சாக்குகளைத் தளமாக வைத்து மாணவியர் ஆடிய ஆட்டம். முதல் தளத்துக்கு ஆறடி தூரத்தில் போய் நின்றேன். பந்து பறந்து வந்தது, கண் அதன் பின்னாலேயே போனது, கையுறையில் விழுந்தது, ‘அவுட்’ என்று கையை உயர்த்தினேன். தடுப்பாளரின் கால் சாக்கை விட்டு ஒரு சாண் விலகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஓடிவந்த பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். அவள் அணி ஒரு ஓட்டத்தில் தோற்றது. ஆறடியில் நிற்பவருக்குப் பந்தும் காலும் சேர்ந்து தெரிவதில்லை, இருபதடியில் தெரியும்.

ஓடுபவரைப் பந்தால் தொட்டு அவுட்டாக்கும்போது மட்டும் கணக்கு மாறும். அப்போது நடுவர் பத்துப் பன்னிரண்டு அடி வரை நெருங்கலாம். கையுறைக்கும் ஓடுபவரின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும் பக்கத்தில் நிற்க வேண்டும். முதுகு மறைத்தால் எவ்வளவு கிட்டே இருந்தும் பயனில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ரன் அவுட்டைப் பார்க்க ஸ்கொயர் லெக் நடுவர் கிரீஸ் கோட்டுக்கு நேராக நிற்பதும் இந்தக் கோணத்துக்காகவே. அங்கே 1992 நவம்பரில், டர்பன் டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் தொலைக்காட்சிப் பதிவைக் கொண்டு ரன் அவுட் தரப்பட்ட முதல் ஆட்டக்காரர் ஆனார். சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றபோது அந்த உதவி வந்துவிட்டிருந்தது. பள்ளி மைதானத்து சாஃப்ட்பாலில் கேமரா கிடையாது.

மூன்றாம் தளம் யாருடையது?

முதல் தளத்தில் ஒருவர் இருக்கும்போது பந்து வெளிக்களத்துக்கு அடிக்கப்பட்டால், அவர் இரண்டைத் தாண்டி மூன்றுக்கு ஓடக்கூடும். பந்தை அடித்தவரும் பின்னால் ஓடி வருகிறார். இருவரையும் தள நடுவர் ஒருவரே பார்க்க முடியாது. ஆகவே முன்னால் ஓடுபவர் மூன்றாம் தளத்துக்குப் போனால் அந்தத் தீர்ப்பு தலைமை நடுவருடையது. அவர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, “மூன்று என்னுடையது” என்று உரக்கச் சொல்லியபடி முன்னேறுவார். அடித்தவரைத் தள நடுவர் பார்த்துக்கொள்வார். ஓடுபவர் மூன்றிலும் நிற்காமல் ஹோம் பிளேட்டுக்குப் பாய்ந்தால், தலைமை நடுவர் ஃபவுல் கோட்டுக்கு வெளிப்புறமாகவே அவருக்கு முன் திரும்பி ஓட வேண்டும்.