கன்னோசியின் வேர்மணம்

சித்திரை பிறந்து, மேற்கிலிருந்து ‘லூ’ என்னும் அனற்காற்று வீசத் தொடங்கியதும், டில்லி, கான்பூர், லக்னோ முதலிய நகரங்களின் கடைத்தெருக்களில் ஒரு மணம் நம்மை வழிமறித்து நிறுத்துகிறது. குளிர்காற்றுப் பெட்டிகளில் செருகுவதற்கென்று வேரால் பின்னிய தட்டிகளைக் கடைக்காரர் வாயிலில் அடுக்கி, அவற்றின்மேல் சிறிது தண்ணீரும் தெளித்து வைத்திருப்பார். மண்பானைத் தண்ணீரும் பனையோலை விசிறியும் பெருமாள் கோயில் பந்தலும் ஒருங்கே நினைவுக்கு வர, நாம் ஆவலோடு அருகிற் சென்று முகர்கிறோம். முகர்ந்தபின் மூக்கு சற்றே தயங்குகிறது. வெட்டிவேர்தான், ஆயினும் நம் ஊர் வெட்டிவேர் அன்று. இதை வீட்டில் சொன்னால், ‘ஊர் நினைப்பு உங்களை இப்படிப் பேசச் சொல்கிறது’ என்று நகைப்பார்கள். அது வெறும் ஊர் நினைப்புத்தானா, அன்றி மூக்கின் தீர்ப்பில் உண்மை உண்டா என்பதை இன்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். வடநாட்டில் இவ்வேரின் பெயர் ‘கஸ்’. புதிதாகக் குடிவந்த நம்மவர் ‘கஸ்கஸ்’ என்று இரட்டித்துக் கேட்டால், கடைக்காரர் பாயசத்துக்குரிய கசகசாவை நிறுத்துக் கொடுப்பார். அவர்மேல் குற்றமில்லை, அங்கும் கசகசாவுக்குப் பெயர் அதுவே. வடமொழியில் இவ்வேர் உசீரம் எனப்படும். ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் தமிழ்ப்பெயரே சென்று சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் அதனை ‘வெத்திவேர்’ என்று வழங்க, உலகத்து வாசனை வணிகம் முழுவதும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. 1886-ல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இச்சொல் தமிழ்ச்சொல் என்றும், மண்ணை வெட்டி எடுப்பதால் வந்த பெயர் என்றும் குறிப்பிடுகிறது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அங்கு அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர்.

தாவர நூலாரும் தமிழ்ச்சொல்லை எடுத்தாண்டனர். 1771-ல் லின்னேயஸ் இப்புல்லுக்கு வேறு பெயரே இட்டிருந்தார். பின்வந்தோர் ‘வெட்டிவேரியா’ என்று ஓர் இனத்தையே வகுத்தார்கள். ஆனால் 1960-ல் இதனைக் ‘கிரைஸோபோகன்’ என்னும் இனத்தில் சேர்க்கவேண்டும் என்ற கருத்து எழுந்து, பின்னர் அது நிலைபெற்றும் விட்டது. லத்தீன் சபையில் ஒன்றரை நூற்றாண்டு வீற்றிருந்த தமிழ்ச்சொல் இப்போது எழுந்து வெளியே வந்துவிட்டது. சிறிய வருத்தந்தான், வாசனைக் கடையில் அதன் இடம் போகவில்லை.

வேரின் குளிர்ச்சியை இந்நாடு மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. காளிதாசனுடைய சாகுந்தல நாடகத்தின் மூன்றாம் அங்கத் தொடக்கத்தில், வெப்பத்தால் வாடும் சகுந்தலைக்கென்று உசீரப் பூச்சும் தாமரை இலைகளும் எடுத்துச் செல்லப்படுகின்றன. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் ஸம்ஹிதையில் வாசனைத் திரவியங்களைச் சேர்க்கும் முறைக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அக்காலத்தார் வேரை அரைத்துப் பூசினர், பொடித்துக் கலந்தனர், புகைத்தனர்.

அக்பர் காலத்தில் வேர் சுவராயிற்று. அபுல் பஸல் தம் அயினி அக்பரியில், மூங்கிற் சட்டத்தில் கஸ் வேரை அடைத்துத் தண்ணீர் தெளித்தால் கடுங்கோடையிலும் உள்ளிருப்போர்க்குக் குளிர்காலம் வந்தது போலிருக்கும் என்று எழுதி, இவ்வழக்கம் பரவியது பாதுஷாவின் ஆணையால் என்கிறார். அரசரைப் புகழ்வது ஆஸ்தான ஆசிரியரின் கடமை. ஆகையால் அப்புகழில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டே நாம் கொள்ளவேண்டும். எனினும் அரண்மனையில் வாசனைக்கென்று தனி இலாகா இருந்ததும், அதற்கு ஷா மன்ஸூர் என்னும் அதிகாரி தலைமை வகித்ததும் அந்நூலாலேயே தெரிகின்றன. பின்னர் வந்த ஆங்கிலேயர், கதவுக்கும் ஜன்னலுக்கும் ‘தட்டி’ கட்டி, நாள் முழுதும் தண்ணீர் தெளிப்பதற்கென ஆளையும் அமர்த்தினர். ஈரத்தை உலர்ந்த காற்று உண்ணும்போதுதான் குளிர்ச்சி பிறக்கும். ஆதலால் வறண்ட லூ வீசும் வடக்கே தட்டி அற்புதம் செய்யும். கடற்காற்று வீசும் நேரத்துச் சென்னையில் அது மணத்தை மட்டுமே தரும். சென்னையிலும் மே மாதத்து நிலக்காற்று அடிக்கையில் தட்டியின் அருமை தெரியும்.

இனிக் கன்னோசிக்கு வருவோம். ஹர்ஷனுடைய தலைநகராக விளங்கி, சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கண்டு வியந்த கன்னோசி, இன்று கான்பூருக்கு வடமேற்கே கங்கைச் சமவெளியில் உள்ள ஒரு நடுத்தர நகரம். அரசு போயிற்று; அத்தர் இருக்கிறது. அங்கே வேரிலிருந்து மணத்தைப் பிரிக்கும் முறையில் இயந்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ‘டேக்’ என்னும் பெரிய செம்புப் பானையைச் செங்கல் அடுப்பின்மேல் ஏற்றி, கழுவிய வேரையும் தண்ணீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணும் பஞ்சும் கொண்டு பூசி அடைக்கின்றனர். கயிறு சுற்றிய மூங்கிற்குழாய் ஒன்று மூடியிலிருந்து இறங்கி, நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும் ‘பப்கா’ என்ற நீண்ட கழுத்துச் செம்புக் குடத்தில் நுழைகிறது. ஆவி குழாய் வழியே வந்து அக்குடத்தில் குளிர்ந்து தங்கும். வெப்பமானி இல்லை, அளவுகோலும் இல்லை. தண்ணீருக்குள் கையை விட்டுப் பப்காவைத் தடவிப் பார்க்கும் தொழிலாளியின் உள்ளங்கைதான் எல்லாக் கணக்கையும் அறியும்.

மல்லிகையும் ரோஜாவும் தம் மணத்தை விரைவில் விட்டுக்கொடுத்துவிடும், வேர் அப்படியன்று. அதன் எண்ணெயில் மிகச் சிறந்த பகுதி கனமானது, எளிதில் ஆவியாகாதது, கடைசியில்தான் வருவது. ஆகவே அடுப்பு இரவும் பகலும் எரியவேண்டும். விறகுச் செலவைக் கருதி முன்னதாகவே அடுப்பை அணைத்தவனுக்குப் பச்சை நெடியடிக்கும் எண்ணெய்தான் மிஞ்சும். இத்தனை பாடுபட்டும் நூறு கிலோ வேருக்கு ஒரு கிலோ எண்ணெய் சேர்வது அரிது. பப்காவில் முன்னதாகச் சந்தன எண்ணெய் ஊற்றி வைத்து அதில் மணத்தை ஏற்றினால் அது அத்தர். சந்தனம் கலவாமல் வேரின் எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்தால் அது ‘ரூஹ்’, அதாவது ஆன்மா. ரூஹ் கஸ் பச்சை ஒளி வீசுவது செம்புப் பாத்திரத்தின் காரணத்தால். கடைகளில் விற்கும் கஸ் சர்பத்தின் கிளிப்பச்சையோ பெரும்பாலும் சேர்த்த சாயம். வேர் என்னவோ வைக்கோல் நிறந்தான்.

இதை எப்படி மதிப்பிடுவது? சீசாவின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்து ‘நன்று’, ‘தீது’ என்று சொல்வது பெண் பார்க்கப் போனவர் வாசற்படியிலேயே முடிவு சொல்லித் திரும்புவது போன்றது. ஒரு துளியைப் புறங்கையில் இட்டுத் தேய்க்காமல் விடவேண்டும். முதலில் எழுவது ஈரமண்ணும் பச்சை வேரும் சிறிது புகையும் கலந்த முரட்டு வாசனை. இவ்விடத்தில் அவசரப்பட்டுப் பலர் முகம் சுளித்துவிடுகிறார்கள். அரை மணி கழித்து மண் அடங்கி மரம் தெரியும். மாலையில் மெல்லிய இனிப்பு ஒன்று தலைகாட்டும். மேல் துண்டில் பட்டிருந்தால் மறுநாட் காலையிலும் அது விட்டகலாது. கலப்படச் சரக்கு இதற்கு நேர்மாறாக, முதலில் ஆரவாரமாக எழும்பி, சிறிது நேரத்திற்குள் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும். புதிதாக வடித்ததில் செம்பின் வாடையும் அடிபிடித்த நெடியும் இருக்கலாம். அது குற்றமன்று, வயது சென்றால் மாறும். பழைய வியாபாரிகள் அதனால்தான் நன்றாக ஊறித் தெளிந்த சரக்குக்கு விலை ஏற்றினார்கள். நிறத்தை மட்டும் சாட்சிக்கு அழைக்கவேண்டாம். பச்சை நிறத்தைச் சாயமும் தரும்.

அணியும் முறையிலும் வடநாட்டார்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. குளிர்காலத்திற்கு ஹீனாவும் ஷமாமாவும். கோடைக்குக் கஸ், குலாப், கேவடா என்னும் நம் தாழை. சிறு பஞ்சுத் துணுக்கை அத்தரில் தோய்த்துக் காதின் மேல்மடிப்பில் செருகிக் கொள்வது பழைய வழக்கம். மதுசாரம் சேராததால் தொழுகைக்குச் செல்வோரும் தயக்கமின்றி அணிவர். வெள்ளை வேட்டியில் மட்டும் படவிடாதீர்கள். ரூஹின் கறை சலவைக்கு அஞ்சாது. மேலும், இது அருகில் அமர்ந்து பேசுபவர்க்குரிய மணம். அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பூசிக்கொள்வதில் நாகரிகம் இல்லை என்பது நம் எண்ணம்.

மூக்கின் முறையீட்டுக்கு இப்போது விடை கூறலாம். வடநாட்டு ஆற்றோரங்களில் தானாக வளரும் கஸ் பூத்து விதை முற்றுவது. தென்னாட்டில் பயிரிடும் வெட்டிவேரோ முளைக்கத்தக்க விதை தருவதில்லை. தூரைப் பிரித்து நட்டுத்தான் பெருக்கவேண்டும். இரண்டும் ஒரே இனத்துப் புல். ஆனால் எண்ணெய்களை ஒளிக்கருவியில் வைத்து ஆராய்ந்தவர்கள், தென்னாட்டு எண்ணெய் ஒளியின் தளத்தை வலப்புறமாகவும், வடநாட்டுக் காட்டு எண்ணெய் இடப்புறமாகவும் திருப்புவதைக் கண்டார்கள். தென்னாட்டு எண்ணெய்க்கு உரிய வெட்டிவோன் என்னும் பொருள்கள் வடநாட்டு எண்ணெயில் காணப்படுவதில்லை. அதில் குசினால் என்னும் வேறு பொருள் மிகுந்திருக்கிறது. ஆகவே, ‘இது நம் ஊர் மணம் அன்று’ என்று தட்டிக்கடை வாயிலில் நின்று சொன்னவர் பிரமையால் சொல்லவில்லை. வீட்டாரிடம் இதைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ரீயூனியன் தீவு, ஜாவா, ஹெய்ட்டி என்று வெப்பநாடுகள் பலவற்றில் பயிராவது விதையற்ற வகைதான். ஆசியாவுக்கு வெளியே வளர்வன பெரும்பாலும் ஒரே செடியின் வழிவந்தவை என்று 1990-களில் நடந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. பாரிஸ் நகரத்தில் 1957-ல் கார்வன் நிறுவனமும், அதனை அடுத்துக் கெர்லேன், ஜிவான்ஷி நிறுவனங்களும் வெட்டிவேரின் பெயராலேயே வெளியிட்ட வாசனைகளுக்கு இவ்வகை எண்ணெயே அடிப்படை. எனவே கான்பூரில் வாழும் தமிழர் ஒருவர், தம் பாட்டியின் தண்ணீர்ப் பானையை நினைவூட்டும் மணத்தைப் பக்கத்து ஊர்க் கன்னோசிச் சீசாவில் காணாமல், கடல் கடந்து வந்த பிரெஞ்சுச் சீசாவில் கண்டால் அதில் அதிசயமில்லை. கன்னோசி மணம் தாழ்ந்தது என்று இதனால் கொள்ளவேண்டாம். அது இன்னும் பசுமையானது, ஈரமானது. ஆற்றங்கரைக் காட்டின் நடுவே நிற்பதுபோல் தோன்றச் செய்வது. நன்றாக வடித்த ரூஹ் ஒருமுறை பழகிவிட்டால், ஏனையவை சற்று மெருகேற்றிய மேஜை நாற்காலி போலத் தோன்றும்.

அத்தரின் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருந்தது, அது சந்தனம். கன்னடத் தமிழ்நாட்டு மலைகளின் சந்தன எண்ணெயில்தான் வடநாட்டு வேரும் மலரும் குடிகொண்டன. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்தனம் அருகி விலை வானளாவ, அதனிடத்தில் மணமற்ற கனிம எண்ணெயும் இரசாயனத் திரவங்களும் புகுந்தன. குறைந்த விலைக்கு விற்கும் ‘சந்தன அத்தர்’ எதில் ஊறியது என்பதை விலையே சொல்லிவிடும். 1991-ல் மத்திய அரசு கன்னோசியில் வாசனைப் பொருள் வளர்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. கன்னோசி வாசனைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குறியீடு ஊரைக் காட்டும்; சீசாவுக்குள் இருப்பதை நம் புறங்கைதான் சொல்லவேண்டும்.

வேரின் நிலைமையே இன்னும் கவலை தருவது. வேருக்காகத் தோண்டினால் செடி போகும். செடி போனால் அது கட்டிப்பிடித்திருந்த கரையும் தளரும். கடலூர் மாவட்டத்தின் கரையோர மணலில் வெட்டிவேர் பயிரிடும் உழவர், வேரை வெட்டியபின் தூரை மீண்டும் நட்டுவிடுகிறார்கள். வடக்கே காட்டு வேரைக் கூலிக்குத் தோண்டுவோருக்கு அந்நிலம் சொந்தமில்லை. திரும்ப நடுவதற்குக் கூலியும் இல்லை. லக்னோவில் உள்ள மருந்து மற்றும் வாசனைத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் பயிரிடத்தக்க வகைகள் பலவற்றைத் தேர்ந்து அளித்திருக்கின்றனர். அவற்றுள் இரண்டுக்கு மணத்தைக் கொண்டே ‘குலாபி’, ‘கேசரி’ என்று பெயர். பயிரிட்ட வேர் இப்போது கன்னோசிப் பானைகளிலும் ஏறுகிறது. அதில் பழைய ஆற்றங்கரை ஈரம் உண்டா, இல்லையா என்பதில் அவ்வூர் வியாபாரிகளுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. அவ்வழியே பயணம் செய்ய நேர்ந்தால், இரண்டையும் இரு புறங்கைகளில் இட்டுக்கொண்டு ரயிலேறுங்கள். ஊர் சேர்வதற்குள் உங்கள் தீர்ப்பு தயாராகிவிடும்.