டெஸ்டோஸ்டிரோன் ஊசி குழந்தைப்பேற்றைப் பாதிக்குமா? ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட் வேலை, திருப்பதியில் வாடகை வீடு. எப்போதும் சோர்வு, தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவு. "டெஸ்டோஸ்டிரோன் கம்மியா இருக்கும் ப்ரோ, ஊசி போட்டா சரியாயிடும்" என்கிறார் ஜிம் நண்பர். நீங்கள் குழந்தைக்குத் திட்டமிடுபவர் என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

ஊசி என்ன செய்யும்?

மூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்களை அனுப்பித்தான் விரைகளை வேலை செய்ய வைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால், மூளை இந்த உத்தரவை நிறுத்திவிடும். ரத்தத்தில் அளவு கூடும், விரைக்குள் குறையும். விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். ஜெல் தடவினாலும் இதே கதைதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 1990 ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதிக்கப்பட்டது!

நிறுத்தினால் திரும்புமா?

பெரும்பாலானவர்களுக்குத் திரும்பும். ஆனால் 6 மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். சிலருக்கு 2 ஆண்டுகள்கூட.

முதலில் என்ன பரிசோதனை?

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு வெவ்வேறு நாட்களில், காலையில் ரத்தம் கொடுக்க வேண்டும். அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் அளவுகோல்படி, டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் 'குறைபாடு'. கூடவே எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின், விந்துப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

மாற்று வழி இருக்கா?

இருக்கு. உடல் எடையைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் சிகிச்சை எடுப்பது முதல் படி. அடுத்து, மூளையின் உத்தரவைத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரை, எல்ஹெச் செய்யும் வேலையைச் செய்யும் ஹெச்சிஜி ஊசி. பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால் எஃப்எஸ்ஹெச் ஊசியும் சேரலாம். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஏற்கெனவே அதிகமாக இருந்தால், பிரச்னை விரையில். இந்த மருந்துகள் அவ்வளவாக உதவாது. அப்போது விந்தணுவை உறைய வைத்துச் சேமிப்பது பற்றிப் பேச வேண்டும்.

புதிய விந்தணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். எனவே 3 மாதத்துக்குள் பலனை எதிர்பார்க்காதீர்கள். எதையும் நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடவும் வேண்டாம்.

எங்கே போவது?

திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையிலும், சித்தூருக்குப் பக்கத்திலேயே உள்ள வேலூர் சிஎம்சியிலும் ஹார்மோன் சிகிச்சைத் துறை இருக்கிறது. டாக்டரிடம் சோர்வைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: "எனக்குக் குழந்தை வேணும்." சிகிச்சையின் பாதையையே மாற்றுவது அந்த ஒரு வரிதான்.