மலைநாடும் வாக்காளர் இடாப்பும்

தேர்தல் என்றவுடன் நினைவிற்கு வருவது வாக்குப் பெட்டியே. ஆயினும் பெட்டி திறக்கப்படுவதற்கு நெடுநாள் முன்னரே, வாக்காளர் இடாப்பில் முடிவு எழுதப்பட்டுவிடுவதும் உண்டு. ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டம் இலங்கையில் சர்வஜன வாக்குரிமையைப் புகுத்தியது. தோட்டத் தமிழர் தாம் நிரந்தரமாகக் குடியேறியவர்கள் என்பதை நிலைநாட்ட வேண்டியிருந்தது. எனினும் ஹட்டன் தொகுதி பெரி சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். 1936இல் அத்தொகுதி தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரைத் தெரிவு செய்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா ஆகியன அவற்றுட் சில. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன.

அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்திருத்தல் வேண்டும். லயங்களில் வாழ்ந்தோருள் எத்தனை பேரிடம் அதற்குரிய பத்திரங்கள் இருந்திருக்கும்? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் மட்டுமே இடாப்பிற் பதியப்படுவர் என விதித்தது.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. சோல்பரித் திட்டத்தின்படி தொகுதிகள் 75,000 மக்களுக்கு ஒன்றாகவும், 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு ஒன்றாகவும் வகுக்கப்பட்டிருந்தன. அக்கணக்கிலே தோட்ட மக்களும் சேர்க்கப்பட்டிருந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலும் அதே எல்லைகளுக்குள் நடைபெற்றது. ஆசனத்தை உண்டாக்க எண்ணப்பட்டவர்கள், அதில் அமர்வோரைத் தெரிவு செய்ய உரிமையற்றோராயினர். அந்த ஆசனங்களின் பலன் எஞ்சிய வாக்காளர்க்குரியதாயிற்று. அவ்வாண்டில் தோட்ட மக்களின் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை; காங்கிரஸின் எதிர்ப்பு சத்தியாக்கிரகமாக வெளிப்பட்டது.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரெனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியா என்னும் பல அங்கத்தவர் தொகுதியில் வென்றார்.

1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. தோட்டந்தோறும் சிதறிய வாக்குகள் மாவட்ட அளவில் ஒன்றுசேர அது வழி செய்தது. ஆயினும் நாடற்றோராக எஞ்சியவர்க்கு அம்முறையாற் பயனில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவர்களுக்குப் பிரசாவுரிமை அளித்த பின்னரே இடாப்பின் கதவு திறந்தது. தேர்தல் முறையைச் சீர்திருத்த முற்படுவோர் முதலில் ஆராய வேண்டியது, எவருடைய பெயர் இடாப்பில் இல்லை என்பதையே.