எலும்பை நீட்டிய வரலாறு

மனித உடலின் வளர்ச்சி ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது. தாடையும் கன்னமும் மண்டை ஓடும் தத்தம் காலத்தில் தத்தம் அளவுக்கு வளர்ந்தால்தான் முகம் முகமாக அமையும். சில குழந்தைகளுக்கு இவ்வொழுங்கு கருவிலேயே தவறிவிடுகிறது. கீழ்த்தாடை குறுகிப் பின்னடைந்துவிட, நாக்கு தொண்டையை அடைத்துக்கொள்கிறது. குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. வேறு சில குழந்தைகளுக்கு மண்டை ஓட்டின் பொருத்துவாய்கள் உரிய காலத்துக்கு முன்பே இறுகிவிடுவதால், வளரும் மூளைக்கு இடம் போதாமற் போகிறது. 1906-ல் அப்பேர், 1912-ல் க்ரூஸோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய்கள் இத்தகையவையே. ஆகவே, நாம் இங்கே பேசப்புகுவது முக அழகைப் பற்றி மட்டும் அன்று. மூச்சையும் பார்வையையும் பற்றியதுமாகும்.

குறுகிய எலும்பை நீட்ட முடியுமா என்னும் வினா முதலில் முகத்தைக் குறித்து எழவில்லை. காலைக் குறித்தே எழுந்தது. இத்தாலியில் பொலோனா நகரத்து மருத்துவர் கொடிவில்லா, குறுகிய கால் எலும்பை வெட்டி இழுத்து நீட்டிய முறையை 1905-ல் வெளியிட்டார். ஆனால் அக்காலத்தார் பெரும் விசையைக் கொண்டு விரைவில் பயன் காண முயன்றனர். எலும்பு இணங்கினாலும், அதைச் சூழ்ந்த தசையும் நரம்பும் இணங்கவில்லை. இடர்கள் மிகவே, அம்முறை பெரிதும் பரவாது நின்றது.

இத்துறையில் புதுவழி கண்டவர் சோவியத் மருத்துவர் இலிஸாரோவ். 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்த அவர், சைபீரியாவின் மேற்கு ஓரத்தில் உள்ள குர்கான் பகுதியில் பணியாற்றினார். போரில் எலும்பு முறிந்தோர் மிகுந்திருந்த காலம் அது. 1951-ல் அவர் ஒரு கருவியை அமைத்தார். காலைச் சுற்றி எஃகு வளையங்கள். அவற்றிலிருந்து எலும்பை ஊடுருவிச் செல்லும் மெல்லிய கம்பிகள். வளையங்களை இணைக்கும் திருகுகள். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்களை இதற்கு உவமையாகச் சொல்வர். முறிந்த முனைகளை நெருக்குவதற்காகச் செய்த அக்கருவியை நோயாளி ஒருவர் எதிர்ப்புறமாகத் திருகிவிட, இடைவெளியில் புதிய எலும்பு தோன்றியது என்று ஒரு கதையும் வழங்குகிறது.

கதை எவ்வாறாயினும், இலிஸாரோவ் பின்னர் நாய்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி உறுதியானது. நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் வீதம் விலக்கினால், நீள்வதற்கு முன்பே எலும்பு இறுகிவிடக்கூடும். இரண்டு மில்லிமீட்டர் வீதம் விலக்கினாலோ திசுக்கள் நலிவுறும். ஒரு மில்லிமீட்டரே தகுந்த அளவு. அதையும் ஒரேயடியாக அன்றிப் பல பங்காகப் பிரித்து விலக்குவது மேலும் நன்று. தசையும் நரம்பும் இரத்தக் குழாயும் எலும்புடன் கூடவே நீண்டுகொடுக்க இந்த நிதானமே இடமளித்தது.

இச்செய்தி மேற்கு நாடுகளை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி, ஆறாத கால் முறிவுடன் 1980-ல் குர்கான் சென்று குணமடைந்தார். மறு ஆண்டே இலிஸாரோவ் இத்தாலிக்கு அழைக்கப்பெற்றுத் தம் முறையை விளக்கினார். கொடிவில்லாவின் நாட்டிலிருந்தே அது மேற்குலகில் பரவலாயிற்று.

முகத்தின் வரலாறோ வேறு வழியில் சென்றது. இங்கிலாந்தின் கில்லீஸ், முகத்தின் நடுப்பகுதி எலும்புகளை ஒருசேரப் பிரித்து முன்தள்ளிய சிகிச்சையை 1950-ல் வெளியிட்டார். 1967-ல் ரோம் மாநாட்டில் பிரெஞ்சு நிபுணர் டெஸியே, அவ்வகைச் சிகிச்சையை ஒரு தனித் துறையாகவே நிலைநாட்டினார். எனினும் ஒரே நாளில் முன்தள்ளிய எலும்பைத் தோலும் தசையும் பின்னுக்கு இழுத்தன. இடைவெளியை நிரப்ப, உடலின் வேறிடத்திலிருந்து எலும்பு எடுத்து ஒட்டவும் வேண்டியிருந்தது.

இவ்விரு வழிகளும் பின்னர் ஒன்றுகூடின. 1973-ல் ஸ்னைடரும் அவருடைய குழுவினரும் நாயின் தாடையை மெல்ல நீட்டிக் காட்டினர். 1989-ல் நியூயார்க்கில் மெக்கார்த்தி இம்முறையைக் குழந்தைகளுக்குக் கையாளத் தொடங்கினார். 4 குழந்தைகளின் கீழ்த்தாடை 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை நீண்ட செய்தியை அவர் 1992-ல் வெளியிட்டார். இலிஸாரோவ் மறைந்ததும் அவ்வாண்டே. 1997-ல் சிகாகோவைச் சேர்ந்த பாலியும் ஃபிகெரோவாவும், தலையைச் சுற்றிய சட்டத்தின் துணையால் மேல்தாடையை முன்கொணரும் முறையை விளக்கினர். 2009-ல் பர்மிங்காம் குழுவினர் மண்டையின் பின்புறத்தை இதே வகையில் விரித்து மூளைக்கு இடம் தேடித் தந்ததை வெளியிட்டனர்.

மருத்துவர்கள் இதனை ‘டிஸ்டிராக்ஷன் ஆஸ்டியோஜெனிசிஸ்’ என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்றொடர் ஒரு சோதனை. முற்சொல்லைக் கேட்டதும் கவனச் சிதறல் என்னும் வழக்குப் பொருளே நினைவுக்கு வரும். ஆனால் அதன் லத்தீன் மூலத்துக்குப் பிரித்திழுத்தல் என்பதே பொருள். பிற்சொல்லோ எலும்பின் பிறப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘இழுத்து எலும்பு வளர்த்தல்’ என்றால் பாமரர்க்கும் விளங்கும்.

தமிழகத்துக்கு வெளியே, வேற்று மொழி வழங்கும் ஆஸ்பத்திரிகளில் இச்சொல்லைக் கேட்கும் பெற்றோர் அஞ்சக்கூடும். எலும்பை வெட்டியதும் சில நாள் பொறுத்திருப்பார்கள். பிறகு நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருகுவார்கள். அதன்பின் புதிய எலும்பு இறுகும்வரை, பல வாரங்கள், கருவியை அப்படியே விட்டுவைப்பார்கள். திருகும் பொறுப்பு பல இடங்களில் பெற்றோரையே சாரும். சீழ் பிடித்தல், நரம்புக்கும் பல் முளைக்கும் ஊறு, தழும்பு ஆகிய இடர்களும் உண்டு. நீட்டிய தாடை பிற்காலத்தில் மறுபக்கத்தோடு ஒத்து வளராமல், மீண்டும் சிகிச்சை வேண்டிவரலாம். எத்தனை நாள் திருகுவது, எத்தனை வாரம் கருவி இருக்கும், மறுபடியும் தேவைப்படுமா என்னும் மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவது நலம்.

கொடிவில்லாவின் காலத்தில் விசை இருந்தது; பொறுமை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்னும் அளவைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் ஆயிற்று. அந்தப் பொறுமையின் பயனாகவே, தொண்டையில் துளையிட்டு மூச்சுவிட வேண்டியிருந்த குழந்தைகள் பலர் இன்று தம் மூக்காலேயே மூச்சு விடுகிறார்கள்.